பூவாயியின் இடது கன்னம்

8-9-2006, வெள்ளி
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஆன்றோ ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார். டர்பன்டைன் வாசம் பிரியாணியில் ஏறுகிறதாம். "உனக்க படத்துக்கு தனியா ஒரு குடோன் எடுக்கணும், கேட்டியா" என்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்துபோய் மூடினார். இந்த ஓமானில், ரூவியில் ஒரு பெட்ரூமும் ஹாலும் கிடைப்பதே பெரும்பாடு. அந்த ஹாலில் பாதி டி.வி.க்கு, பாதி என் படம் வரையும் ஸ்டாண்டுக்கு. ஏ.சி. பிளான்ட் சூப்பர்வைசர் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மீன் படம் இன்னும் முடியவில்லை. பாலிதீன் கவருக்குள் நெய்மீன் துண்டுகள், அடியில் ரத்தம் கலந்த தண்ணீர். நிஜ மீன் போன மாதமே குழம்பாகிவிட்டது. போட்டோ எடுத்து, பெரிதாக அச்சடித்து, கட்டம் போட்டு வரைகிறேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் முடிந்தால் அதிகம். சில கட்டத்தில் கவரின் சுருக்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஜெனோ பள்ளிக்கூடப் பையைக் கழற்றிக்கொண்டே பார்த்துவிட்டு, "மம்மி, இட் ஸ்மெல்ஸ்!" என்று மூக்கைப் பொத்தினாள். எட்டு வயதுப் பிள்ளை. இந்த ஒரு பாராட்டை வைத்து நான் ஒரு மாதம் ஓட்டுவேன்.

14-9-2006
வீடு துடைக்கப் புதிதாக ஒருத்தி வருகிறாள். பூவாயி. பெரம்பலூர்ப் பக்கம். மூன்றாம் மாடி மலையாளிச் சேச்சி அனுப்பியது. ஓமானி வீடு ஒன்றில் வேலைக்கு வந்தவளாம், அங்கிருந்து ஓடி வந்துவிட்டாள். பாஸ்போர்ட் அந்த வீட்டில். இவள் இப்போது பக்கத்து ஏரியா ஹம்ரியாவில் நாலைந்து பெண்களோடு ஒரு ரூமில். பிடிபட்டால் அவளைப் பிடித்து உள்ளே வைத்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கும் அபராதம். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வைத்திருக்கிறோம்.

ஷாலைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறாள். வெக்கையாக இல்லையா என்று கேட்டேன். "பழகிப்போச்சுங்கக்கா" என்றாள்.

19-9-2006
இன்று ஜன்னல் துடைக்கும்போது ஷால் நழுவியது. காலை வெளிச்சம் அவளுடைய இடது கன்னத்தில் நேராக விழுந்தது. காதுக்குக் கீழே தொடங்கி, தாடையோரமாக இறங்கி, கழுத்து வரைக்கும் ஒரு தீக்காயத் தழும்பு. மெழுகுவர்த்தி உருகி வழிந்து உறைந்த மாதிரி. ஓரம் பழுப்பு, நடுவில் பளபளப்பான இளஞ்சிவப்பு, சுருக்கத்துக்குள் கருநீலம். நான் பார்ப்பதைப் பார்த்து சட்டென்று மூடிக்கொண்டாள்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது பழசுங்கக்கா. விடுங்க."

விட்டேன். கேட்கவா வேண்டும்? அந்த வீட்டு மாமா செய்த வேலையாகத்தான் இருக்கும். மாமா என்றால் இங்கே வீட்டுக்கார அம்மா. வேலைக்காரிகள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். என்ன மனுஷிகளோ!

நாள் முழுக்க அந்த நிறங்களே கண்ணில் நிற்கின்றன. மீனும் கவரும் போதும். எனக்கு ஒரு முகம் வேண்டும்.

23-9-2006
கேட்டேவிட்டேன். வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், அதே சம்பளம் என்றேன். "சும்மா ஒக்காந்ததுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்று சிரித்தாள். பிறகு வலது கன்னத்தைக் காட்டி உட்கார்ந்தாள். "இந்தப் பக்கம் நல்லாருக்கேன்ல?"

ஹாலில் இருப்பது ஒரே ஜன்னல். வெளிச்சம் விழுவது அந்தப் பக்கம். திரும்பி உட்காரச் சொன்னேன்.

"அப்ப இத மட்டும் விட்டுட்டு வரைங்கக்கா. எம்பொண்ணு பாத்தா அழுவும்."

"எனக்கு விட்டுட்டு வரையத் தெரியாது, பூவாயி. இருக்கிறத இருக்கிற மாதிரிதான் வரைவேன்." பெருமையாகத்தான் சொன்னேன். கல்லூரியில் எல்லாரும் கோணல்மாணலாக வரைந்தபோது நான் ஒருத்தி மட்டும் வாத்தியார்களிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டவள். "படம் இந்த வீட்டுலதான் இருக்கும். யாரும் பாக்க மாட்டாங்க" என்றும் சொன்னேன்.

யோசித்தாள். ஷாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

2-10-2006
நோன்பு மாதம். பகலில் கடை எல்லாம் மூடிக் கிடக்கிறது. நல்லது, யாரும் வரமாட்டார்கள். நெற்றி முடிந்தது.

9-10-2006
காது மடல். பெரிய கம்மல் போட்டு இழுத்த ஓட்டை, இப்போது வெறும் ஈர்க்குச்சி. கண் எரிகிறது.

15-10-2006
போட்டோ போதவில்லை, தோலின் நிறத்தை நேரில் பார்த்தால்தான் பிடிக்க முடிகிறது. ஆகவே பூவாயி தினமும் உட்காருகிறாள். பேச்சுத் துணையும் ஆயிற்று. மகள் அருணா திருச்சியில் ஹாஸ்டலில் பிளஸ் ஒன் படிக்கிறாள். இவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பூத்திலிருந்து அவளுக்கு போன் போடுகிறாள்.

"அது நர்சுக்குப் படிச்சு முடிச்சிருச்சுன்னா, நானும் அதுவும் எங்கயாச்சும் போயிருவோம்."

"ஏன், ஊருக்குப் போக மாட்டியா?"

"ஊருக்கு எதுக்குங்கக்கா... அந்தாளு..."

"வாய அசைக்காத. நிழல் மாறுது."

வாயை மூடிக்கொண்டாள். தாடைக்குக் கீழே உள்ள கட்டம் இன்று அற்புதமாக வந்தது.

4-11-2006
தழும்பு முடிந்தது. தழும்புக்கு மட்டும் மூன்று வாரம். மேலே தடிப்பு, கீழே வர வர மெலிந்து, கழுத்தில் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும் என்று தோன்றுகிறது. என்னால் இவ்வளவு முடியும் என்று எனக்கே தெரியாது. சந்தோஷத்தில் ஆன்றோவுக்கு போன் போட்டேன். "கொள்ளாம், இன்னைக்காவது சோறு உண்டா?" என்றார்.

21-11-2006
பிரேம் அளவெடுக்க மீரா சாகிப் வந்தார். ரூவியில் பிரேம் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர், என் மீன், மாதுளம்பழப் படங்களை விற்றுத் தந்தவர். பூவாயி படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, இத வீட்டுல வச்சு என்ன செய்யப் போறியோ? குரும் ஏரியாவுல கேலரிக்கார மேடம் ஜனவரியில ஷோ வைக்கிறாங்க. இது ஒண்ணு போதும்." வீட்டில்தான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

27-11-2006
கேட்டேன். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாலு பேரு பாப்பாங்களாக்கா?" பேர் போட மாட்டேன், யார் என்று யாருக்கும் தெரியாது என்றேன். "நீங்க சொன்னா சரிதாங்கக்கா."

சம்மதித்துவிட்டாள்.

28-11-2006
ஆன்றோவோடு சண்டை. "எடி, ஓடி வந்தவளுக்க படத்த ஊரு பாக்கத் தூக்கி வைக்கப் போறியா? கிறுக்கா ஒனக்கு?"

"பேரு போட மாட்டேன்."

"பேரு எதுக்கு? மோந்த இருக்கே! அந்த மூஞ்சி ஒண்ணு போதாதா?"

பிழைக்க வந்தோமா, படம் வரைய வந்தோமா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டது. பதினோரு வருடமாக இந்த ஆளுக்குச் சோறு பொங்கிப் போடுகிறேன். எனக்கென்று ஒன்று வேண்டாமா? வேண்டும். படம் போகும்.

16-1-2007
ஷோ திறந்தது. மூச்சு முட்டுகிறது. வெள்ளைச் சுவரில் பூவாயி. "போட்டோதானே?" என்று கேட்டு, கிட்டே வந்து பார்த்து, வாயைப் பிளந்து போகிறார்கள். தலைப்பு என்ன என்று மேடம் கேட்டபோது, 'வீட்டு வேலை' என்று வைத்தேன். பேப்பர்காரப் பையன் வந்து தழும்பைக் காட்டி, "எம்ப்ளாயர் செய்ததா?" என்றான். "வேற யாரு? இங்கே வேலைக்காரிகள் படும் பாட்டை யார் வரைந்தார்கள்?" என்றேன். குரல் எப்படிக் கணீரென்று வந்தது எனக்கு!

18-1-2007
பேப்பரில் வந்துவிட்டது! போட்டோவில் நான்தான் முன்னால் நிற்கிறேன். என் தலைக்குப் பின்னால் பூவாயியின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிகின்றன. எஜமானி சுட்ட முகம் என்று எழுதியிருக்கிறான். ஆன்றோ பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆபீசில் நாலு பேருக்குக் காட்டினாராம். பூவாயியிடமும் காட்டினேன். "நீங்க அழகா இருக்கீங்கக்கா" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

20-1-2007
மீரா சாகிப் போன் பண்ணினார். பேப்பரைப் படித்துவிட்டு ஒரு ஸ்கூல் டீச்சர்கள் கேலரிக்கு வந்தார்களாம். அதில் ஒரு ஓமானி அம்மா படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாளாம். கூட வந்தவர்கள் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். போகும்போது வரைந்தவளின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். "படம் வாங்குவா போல" என்றார் மீரா சாகிப். படம் வாங்குகிறவளுக்கு வரைந்தவளின் விலாசம் எதற்கு?

22-1-2007, திங்கள்
அந்த ஓமானி டீச்சர் வந்தாள். தனியாக. மத்தியானம் நான் ஒருத்திதான் இருந்தேன். என் வயதுதான் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தியில் பேசினாள், என்னைவிட நன்றாக. தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"அவள் இரண்டு வருஷம் என் வீட்டில் இருந்தாள். என் பையன் அவள் கையில் வளர்ந்தவன். அவள் ஊரிலிருந்து வரும்போதே அந்த முகத்தோடுதான் வந்தாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தேன். நான் சுட்டேன் என்று யார் சொன்னது? அவள் சொன்னாளா?"

இல்லை என்றேன்.

"பிறகு யார்?"

யாரும் சொல்லவில்லை. மாதாவே, யாருமே சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

"என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளை என் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். இனி நான் எந்த முகத்தோடு ஸ்கூலுக்குப் போவேன்?" என்று கேட்டாள். விசா முடிந்ததும் ஊருக்கு டிக்கெட் போட்டார்களாம். டிக்கெட் வந்த அன்றே பூவாயி ஓடிவிட்டாள். ஏன் என்று இன்றுவரை தெரியாது என்றாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நான் சும்மா விட்டிருப்பேன். என் தம்பி விட மாட்டான். உன் விலாசத்தை எடுத்துக்கொண்டு இன்று காலையிலேயே போலீசுக்குப் போய்விட்டான்."

பூவாயியிடம் போன் கிடையாது. ஆன்றோ வேலையிலிருந்து வந்ததும் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், ஹம்ரியாவுக்குப் போய் அவளை வேறு எங்காவது போகச் சொல்லுங்கள் என்று. போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். "அங்கின போலீஸ் வண்டி நிக்கிது. எனக்குப் போகத் துணிச்சல் இல்ல, ஜோஸ்மி. நம்ம பிள்ளைய நெனச்சேன்." இதை எப்படித் திட்டுவேன்? என்னை நானே திட்டிக்கொள்வதற்கே நேரம் போதவில்லை.

23-1-2007
பிடித்துவிட்டார்கள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் வந்தால் கை காட்டி விரட்டிவிடலாம் என்று. வந்தாள். நான் கையை ஆட்டுகிறேன், அவளும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டுகிறாள். போடி, போடி என்று கத்தினேன். கண்ணாடியைத் திறக்கத் தோன்றவில்லை, ஏ.சி. ஓடுகிறது, எங்கே கேட்கும்? கீழே மளிகைக் கடை வாசலில் நின்ற காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் ஓடவில்லை. ஷாலை மட்டும் இழுத்து கழுத்தை மூடினாள்.

நான் கீழே இறங்க ஓடினேன். ஆன்றோ லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்; கதவை அடைத்துக்கொண்டு நின்றார். "போனா நம்மளையும் சேத்துக் கொண்டு போவானுவ." அவர் மார்பில் குத்தினேன். அசையவில்லை. பிறகு எனக்கே கால் வரவில்லை. அதுதான் உண்மை. அவர் வழிவிட்டிருந்தாலும் நான் போயிருப்பேனா?

அந்த நேரத்திலும் இந்தப் பாழாய்ப்போன கண் பார்த்தது. கார்க் கதவில் அவள் முகம் வளைந்து தெரிந்ததைப் பார்த்தது, ஷாலின் மடிப்பில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தது. சீ!

26-1-2007
படியில் யார் ஏறினாலும் ஆன்றோ டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார்.

2-2-2007, வெள்ளி
போலீஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்று தெரிந்தது.

வாசு என்று ஒருவர் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, தமிழ்ச் சங்கத்து ஆள். உள்ளே இருக்கும் நம் ஆட்களைப் பார்த்து, எம்பசி வேலைகளை முடித்து ஊருக்கு அனுப்பி வைப்பதைத் தொண்டாகச் செய்கிறார். பூவாயியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த வீட்டில் வேலை செய்தாய் என்று எவ்வளவு கேட்டும் அவள் ஒரு வீட்டையும் காட்டிக்கொடுக்கவில்லையாம். அந்தத் தெருவில் சும்மா நடந்துகொண்டிருந்தேன் என்றாளாம். வாசுவிடம் மட்டும் என்னைச் சொல்லியிருக்கிறாள்.

ஆன்றோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கு மட்டும் வேண்டாம், இங்கயே ஜெயில்ல போட்டாலும் பரவால்லன்னு அழுவுது, மேடம்" என்றார் வாசு. அப்புறம்தான் சொன்னார். அவள் புருஷன், அம்மையப்பன். மகளுக்குப் பதிமூன்று வயதில் அவன் அக்கா மகனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்திருக்கிறான். இவள் முடியாது என்றிருக்கிறாள். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த எண்ணெயைக் கரண்டியோடு எடுத்து ஊற்றியிருக்கிறான். புண் ஆறி மேல்தோல் வந்ததும் மகளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு ஏஜெண்டைப் பிடித்து இங்கே வந்திருக்கிறாள்.

மேலே தடிப்பு, கீழே வர வர மெலிந்து, சொட்டுச் சொட்டாக. மேலிருந்து ஊற்றினால்தான் அப்படி வழியும். மூன்று வாரம் பூதக்கண்ணாடி வைத்து வரைந்தேனே! அவள் வாயைத் திறந்தபோது வாயை அசைக்காதே என்றேனே! என்னை என்ன சொல்வது?

10-2-2007
படத்தை மீரா சாகிப் கொண்டுவந்து தந்துவிட்டார். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். ஜெனோ, "ஆன்ட்டி ஈஸ் பனிஷ்ட்?" என்று கேட்டாள்.

16-2-2007
வாசு வந்தார், சந்தோஷமாக. பாஸ்போர்ட்டை அந்த டீச்சரம்மா கொடுத்துவிட்டாளாம், டிக்கெட்டும் ஆயிற்று. "பாஸ்போர்ட்ல விலாசம் இருந்துச்சு மேடம். பெரம்பலூர் பிரெண்ட விட்டு அவங்க வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லியாச்சு. மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிக்கிறேன்னாரு." இது அவர் எல்லாருக்கும் செய்கிறது. தனியாக வந்து இறங்குகிறவர்கள் திண்டாடக் கூடாது என்று.

நான் கத்திவிட்டேன். என்ன செஞ்சு வச்சிருக்கீங்க, அவன்தானே ஊத்துனவன்! மனுஷர் வெலவெலத்துப் போய்விட்டார். "அது புருஷன் பொண்டாட்டி சண்டை, இத்தன வருஷத்துல சரியாகியிருக்கும்னு..." என்று இழுத்தார். அவரைச் சொல்லி என்ன? நல்லது செய்யப் போய் நாசம் பண்ணுவதில் நான் அவருக்கு அக்கா.

அவன் ஏர்போர்ட்டில் நிற்பான் என்பதை அவளுக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்றேன். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்கச் சொன்னேன்.

22-2-2007
சொல்லிவிட்டாராம். அழவில்லையாம். ஒரே ஒரு சாமான் கேட்டாளாம். கறுப்பு அபாயா ஒன்று, இங்கத்துப் பெண்கள் போடும் பர்தா, முகத்தை மூடும் துணியோடு. "அது எதுக்கு, அவங்க இந்துவாச்சே" என்கிறார் வாசு. எனக்கும் புரியவில்லை. ரூவி சூக் கடைத்தெருவில் வாங்கி, செலவுக்குக் கொஞ்சம் பணமும் உள்ளே வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

3-3-2007
இன்று போய்விட்டாள். ஜெபமாலையை எடுத்தேன், வார்த்தை வரவில்லை.

6-3-2007
போன். ஊர் நம்பர். ஆண் குரல், ரொம்ப மரியாதையாக.

"வணக்கங்கம்மா. நான் பூவாயி வூட்டுக்காரரு அம்மையப்பன் பேசறேன். வாசு சாரு நம்பர் குடுத்தாரு." டி.வி.யை அணைத்தேன். "பிளேன் வந்துச்சுங்க. கடைசி ஆள் வெளிய வர்ற மட்டும் நின்னேன். இது வரலீங்க. பூரா பர்தா போட்ட பொம்பளைங்களும் வேட்டி கட்டுன ஆளுங்களுமாத்தான் வந்தாங்க. உள்ள கேட்டா எறங்கியாச்சுங்கறான்."

அபாயா! அட என் பூவாயி! அவன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வெடித்தது, வாயைப் பொத்தினேன். அவன் அதை அழுகை என்று நினைத்திருப்பான்.

"ஹாஸ்டல்ல இருந்த பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சுங்க. மனசு கெடந்து அடிச்சுக்குது. போலீசுல எழுதிக் குடுத்துட்டேன். அவங்க இப்ப இருக்குற மூஞ்சி தெரியுற மாதிரி போட்டோ கேக்குறாங்க. எங்கிட்ட இருக்குறது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது ஒண்ணுதான். நீங்க அச்சு அசலா, உசுரோட இருக்குற மாதிரி வரைஞ்சிருக்கீங்களாம். அத ஒரு போட்டோ எடுத்து அனுப்பிச்சீங்கன்னா பேப்பர்ல குடுத்துருவேன். ஊரு பூரா ஒட்டிருவேன். எங்க இருந்தாலும் புடிச்சிரலாங்க."

அவனும் அழுதான். நிஜமாகவே அழுதானோ என்னவோ. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7-3-2007
"அனுப்பிக் குடுத்துத் தொலை. அவன் அவளுக்க புருஷன். சவம், நம்மள விட்டாப் போதும்" என்றார் ஆன்றோ. நான் அவருக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, "அவ நம்ம பேரச் சொல்லல, இல்லியா?" என்று தானாகவே கேட்டார். பிறகு டியூட்டிக்குப் போய்விட்டார்.

9-3-2007
மீரா சாகிப் வந்தார். துபாயில் ஒரு பெரிய கேலரிக்கு படம் வேண்டுமாம். புத்தகம் போடுகிறார்களாம், அட்டையில் இந்தப் படம், இன்டர்நெட்டிலும் போடுவார்களாம். "ஒங்க பேரு லண்டன் வரைக்கும் போவும், தங்கச்சி." எத்தனை வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகக் கட்டம் கட்டமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்! யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என்ன யோசனை? அட்டையில் வந்தால் அம்மையப்பனுக்கு நான் அனுப்பவே வேண்டாம்.

12-3-2007
அம்மையப்பன் மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜெனோவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு படத்தைத் திருப்பினேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்கள், கேமராவில் இருந்தவை, அச்சடித்த தாள்கள், எல்லாவற்றையும் அழித்தேன், கிழித்தேன். கடைசியில் உப்புத்தாளை எடுத்தேன்.

தழும்பிலிருந்து ஆரம்பித்தேன். மேல் பூச்சு போய் அடியில் இருந்த சிவப்பு வந்தது, அது போய்ப் பழுப்பு, அது போய் வெறும் துணி. கன்னம் போயிற்று. காது போயிற்று. கண்ணுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. சத்தமாக அழுதேன். இனி இப்படி ஒன்று என் கையிலிருந்து வராது, எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கோ பூவாயி, மன்னிச்சுக்கோ பூவாயி என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். மேலே வெள்ளை அடித்தேன், இரண்டு தடவை.

ஆன்றோ வந்து பார்த்தார். தரையில் கிடந்த தூளைப் பெருக்கி அள்ளினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் துடைப்பம் தொட்டு நான் பார்த்ததில்லை.

13-3-2007
அம்மையப்பனிடம் பேசினேன். படம் இல்லை, வீணாகிவிட்டது என்றேன். "ஒரு போட்டோ கூடவாங்க இல்ல?" இல்லை. "என்னங்கம்மா, கண்ணும் கருத்துமா வரைஞ்சதா சொன்னாங்களே." அது அப்படித்தான் என்றேன். குரல் மாறிவிட்டது. திட்டினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

மீரா சாகிப்பிடமும் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். இனி என்னிடம் படம் கேட்டு வர மாட்டார் என்று நினைக்கிறேன்.

30-3-2007
பிரஷைத் தொடவில்லை.

20-4-2007, வெள்ளி
வாசு வந்தார். கையில் பெரம்பலூர் நண்பர் அனுப்பிய பேப்பர்த் துண்டு. காணவில்லை விளம்பரம். தாயும் மகளும். மகள் படம் பள்ளிக்கூடக் குழுப் போட்டோவிலிருந்து வெட்டியது, வெறும் நிழல். தாய் படம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது.

ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஊர் ஸ்டுடியோக்காரன் நன்றாகவே டச்சப் பண்ணியிருக்கிறான். இடது கன்னம் வலது கன்னம் மாதிரியே மொழுமொழுவென்று இருக்கிறது. தாடையைச் சீவியிருக்கிறான், மூக்கைக் கூராக்கியிருக்கிறான், பவுடர் பூசின மாதிரி வெளுப்பு. யாரோ ஒரு பெண். அடையாளம் என்று போட்ட இடத்தில் மாநிறம், நடுத்தர உயரம், வலது கையில் மச்சம். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியிருந்தால் அது எப்படி வந்தது என்று கேட்பார்களே. அவன் எப்படி எழுதுவான்?

"இத வச்சு எப்படி மேடம் கண்டுபிடிப்பாங்க? ஒங்க படம் மட்டும் இருந்திருந்தா..." என்றார் வாசு, வருத்தத்தோடு.

"இது ரொம்ப நல்ல படம், வாசு சார்" என்றேன்.

காபி போட உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அவருக்குக் கேட்காமல் அழுதேன்.